ஜன்னல் பிளைண்ட்ஸை வீட்டிலேயே வெட்டலாமா? கேள்வி பதில்

கே: சார், ஜன்னல் சட்டத்துக்குள் அகலம் 46 அங்குலம். கைக்குக் கிடைத்த 4 அடி ரோலர் பிளைண்டை (சங்கிலியை இழுத்தால் துணி குழாயில் சுருண்டு ஏறும் திரை) வாங்கிவிட்டேன். திருப்பி எடுக்க மாட்டார்களாம். வீட்டில் வெட்ட முடியுமா?

ப: தாராளமாக. ஆனால் அந்த 46 எங்கே அளந்தது? மேல், நடு, கீழ் மூன்று இடத்திலும் அளந்து, இருப்பதிலேயே குறைந்ததை எடுங்கள். பூச்சு வேலையில் இரண்டு நூல் முன்னே பின்னே இல்லாத ஜன்னல் அபூர்வம். (ஆசாரி கணக்கில் 8 நூல் ஒரு அங்குலம்.) 48-இல் 46 போக 2 என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள். இரண்டு பிராக்கெட்டையும் சட்டத்தில் வைத்து, இடைவெளியை அளந்து, ரோலரின் முனைக்கு முனை நீளத்திலிருந்து கழியுங்கள். வருவதுதான் வெட்ட வேண்டிய அளவு. குழாய், துணி, அடியில் இருக்கும் கனமான பட்டை மூன்றிலும் அதே அளவு போகும்.

சங்கிலி இல்லாத பக்கத்தில்தான் வெட்ட வேண்டும். அந்த முனையின் பிளாஸ்டிக் மூடியை இழுத்து எடுத்துவிட்டு, துணியை முழுக்கப் பிரித்து, குழாயில் ஒட்டியிருக்கும் இடத்தில் நாலு விரல் அளவு உரித்துக்கொள்ளுங்கள். குழாயைச் சுற்றி ஒரு காகிதத்தை, ஓரமும் ஓரமும் சேருகிற மாதிரி சுற்றினால் நேர்கோடு கிடைத்துவிடும். அதை ஒட்டி ஆக்ஸா பிளேடால் மெதுவாக அறுத்து, உள் விளிம்பில் நிற்கும் பிசிறை அரத்தால் தேயுங்கள். பிசிறு இருந்தால் மூடி உள்ளே போகாது. துணிக்குப் புது கட்டர் பிளேடு, இரும்பு ஸ்கேல், கீழே தடித்த அட்டை. கத்தரிக்கோல் வேண்டாம், அலை அலையாகப் போகும்.

கே: வெட்டிய ஓரத்தில் நூல் பிரிகிறது. ஊதுபத்தியால் லேசாகச் சுடலாமா அண்ணா?

ப: வேண்டாம் தம்பி. ரிப்பனுக்குச் சரி. இங்கே ஓரம் உருகிக் கட்டிதட்டி, சுருட்டும்போது அந்தப் பக்கம் மட்டும் தடித்து நிற்கும். தொங்கும் நூலை இழுக்காமல் நறுக்கிவிட்டு, துணிக்கான பசையை மெல்லிய கோடாகத் தடவுங்கள். வெளிச்சம் புகாத பிளாக்அவுட் துணியில் பின்னால் பூச்சு இருப்பதால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

கே: வெட்டி மாட்டியாச்சு. மேலே ஏறும்போது துணி இடப்பக்கமாகவே போகிறது.

ப: முதலில் ரசமட்டம் வைத்துக் குழாயைப் பாருங்கள். மட்டம் சரியாக இருந்தால், துணியை முழுதும் இறக்கி, வலப்பக்கம் குழாயின் மேல் சின்னத் துண்டு டேப் ஒட்டுங்கள். போதாவிட்டால் இன்னொன்று.

கே: அலுமினியம் பட்டை வைத்த வெனிஷியன் பிளைண்டில் 1 அங்குலம் குறைக்க வேண்டும்.

ப: இதில் ரோலருக்கு நேர்மாறு. இரண்டு பக்கமும் அரை அரை அங்குலம் எடுக்க வேண்டும். ஒரே பக்கம் எடுத்தால் பட்டைகளைத் தாங்கும் ஏணிக் கயிறுகள் நடுவிலிருந்து விலகி, பார்க்கக் கோணலாக இருக்கும். மேல் பெட்டிக்குள் பட்டையைத் திருப்பும் பொறி ஓரத்தை ஒட்டி இருந்தால் விட்டுவிடுங்கள், சட்டத்துக்கு வெளியே சுவரில் மாட்டலாம். பட்டைகளைத் தகரக் கத்தரியால் வெட்டியபின் மூலைகளை அரத்தால் மழுக்குங்கள், கையைக் கிழிக்கும். உயரம் குறைப்பது சுலபம்: அடிப்பட்டையின் மூடியைக் கழற்றி, முடிச்சை அவிழ்த்து, வேண்டாத பட்டைகளை உருவிவிட்டு மறுபடி முடிச்சுப் போட்டால் போதும்.

கே: ஜீப்ரா பிளைண்ட்?

ப: தொடாதீர்கள். துணி இரண்டு மடிப்பு, கோடுகள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். அளவு கொடுத்துச் செய்து வாங்குங்கள்.

கே: பால்கனி மூங்கில் தட்டி 5 அடி. நாலரை வேண்டும்.

ப: வெட்டும் கோட்டின் மேல் அகலமான டேப்பை இரண்டு பக்கமும் ஒட்டி, டேப்போடு சேர்த்தே மெல்லிய பல் ரம்பத்தால் அறுங்கள். குச்சி பிளக்காது. அப்புறம் ஓரத்துக்குத் துணி நாடா தைத்துவிடலாம். ஆனால் சுருட்டும் கயிறு அந்த அரை அடிக்குள் வந்தால் அதை உள்ளே தள்ளிக் கட்ட வேண்டும்.

கே: வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை. சங்கிலி தொங்குவது பயமாக இருக்கிறது.

ப: பயம் நியாயம்தான் மேடம், கழுத்தில் மாட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு. சங்கிலியைத் தளர்வில்லாமல் பிடித்து வைக்கும் சின்ன பிளாஸ்டிக் பிடி பிளைண்டோடு வந்திருக்கும். அதைச் சுவரில் திருகுங்கள். கீழ் முனை தரையிலிருந்து 5 அடிக்குக் கீழே வரக்கூடாது. ஜன்னலடியில் கட்டிலோ நாற்காலியோ இருந்தால் அதையும் நகர்த்திவிடுங்கள்.