இலக்கணப் பயிற்சியும் ஆங்கில வாசிப்பும் – கடிதம்

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். நான் அருப்புக்கோட்டையில் விசைத்தறி ஓட்டுகிறேன். என் மகள் அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படிக்கிறாள். இந்த வருடம் பத்தாம் வகுப்பு. மற்ற பாடங்களில் பயமில்லை. ஆங்கிலத்திலும் மார்க் வருகிறது, காலாண்டில் 71. ஆனால் அவளுக்கு ஆங்கிலம் வரவில்லை என்பது எனக்கே தெரிகிறது. பேராகிராஃப் கேள்விகளை எல்லாம் கைடைப் பார்த்து மனப்பாடம் செய்கிறாள். போன மாதம் பேங்கிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. வாசித்துச் சொல்லும்மா என்றேன். ஒரு வார்த்தை விடாமல் வாசித்தாள். என்ன போட்டிருக்கிறது என்று கேட்டதும் அழுதுவிட்டாள்.

கிராமர் பலமாக இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். ரென் அண்ட் மார்ட்டின் கிராமர் புத்தகம் வாங்கிக் கொடுத்தேன். தினமும் ஒரு பயிற்சி செய்கிறாள். ஆக்டிவ் வாய்ஸை பாஸிவ் வாய்ஸாக மாற்றச் சொன்னால் தப்பில்லாமல் மாற்றுகிறாள். வாசிப்பு அப்படியேதான் இருக்கிறது. ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்க்கலாமா? இங்கிலீஷ் மீடியத்தில் போடாதது தப்பா? நான் எட்டாவதுக்கு மேல் படிக்கவில்லை. ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டத் தெரியும், அவ்வளவுதான். வீட்டில் நான் என்ன செய்யமுடியும்?

இப்படிக்கு,
ம., அருப்புக்கோட்டை

அன்புள்ள ம.,

உங்கள் மகள் அழுதாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நான் நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்கிறேன். வாசித்ததில் அர்த்தம் பிடிபடவில்லை என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. பல பிள்ளைகளுக்கு அதுவே தெரிவதில்லை.

எங்கள் தெருவில் பத்தாம் வகுப்புப் படிக்கிற பையன் ஒருவன் சாயங்காலங்களில் என்னிடம் வாசிக்க வருவான். ஒரு நாள் சிறுவர் கதை ஒன்றில் இப்படி ஒரு வரி வந்தது: 'தி ஓல்ட் மேன் ஹூ சோல்ட் ஃபிஷ் நியர் த பிரிட்ஜ் கேவ் த பாய் எ ஸ்மால் நைஃப்.' இதில் அவனுக்குத் தெரியாத சொல் ஒன்றுகூட இல்லை. தமிழில் சொல்லச் சொன்னேன். "ஒரு கிழவரு பாலத்துக்குப் பக்கத்துல மீன் வித்தாரு. பாலம் பையனுக்குக் கத்தி குடுத்துச்சு" என்றான். சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டான். பாலம் எப்படிக் கத்தி கொடுக்கும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. தமிழ்க் கதையில் இப்படி ஒரு வரி வந்திருந்தால் அந்த இடத்திலேயே நின்றிருப்பான். ஆங்கிலத்தில் இருப்பதற்கு அர்த்தம் இருந்தாக வேண்டும் என்கிற எதிர்பார்ப்பே அவனிடம் இல்லை.

அந்த எதிர்பார்ப்பு எங்கே போனது? நாம் கொடுக்கிற பயிற்சிகள்தான் அதைக் கொன்றுவிட்டன என்று நினைக்கிறேன். இன்று இரவே நீங்கள் ஒன்று செய்து பார்க்கலாம். 'தி மோபா கில்லாப்டு த சூகா' என்று எழுதிக் கொடுத்து, பாஸிவ் வாய்ஸில் மாற்றச் சொல்லுங்கள். 'த சூகா வாஸ் கில்லாப்டு பை த மோபா' என்று சரியாக எழுதிவிடுவாள். மோபா, சூகா என்று உலகத்தில் எதுவும் கிடையாது. பின்னால் இருப்பதை முன்னால் கொண்டுவா, 'வாஸ்' போடு, 'பை' போடு என்கிற சூத்திரத்துக்கு அர்த்தமே தேவைப்படாது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத வாக்கியங்களை வருடக்கணக்கில் இப்படிப் புரட்டிப் போட்ட பிள்ளை, ஆங்கிலம் என்றாலே புரட்டிப் போடுகிற வேலை என்று முடிவுகட்டிவிடுகிறது. எங்கள் தெருப் பையனும், இரண்டு வாக்கியங்களைக் கொடுத்து 'ஹூ' போட்டுச் சேர்க்கச் சொன்னால் முழு மார்க் வாங்குவான். அதே 'ஹூ' கதையில் வரும்போது அவனுக்கு அடையாளம் தெரியவில்லை.

அந்த வரியில் அவன் ஏன் தடுக்கினான் என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும், உங்கள் மகளுக்கும் சிக்கல் அங்கேதான் இருக்கும். தமிழில் நாம் எப்படிச் சொல்வோம்? 'பாலத்துக்குப் பக்கத்தில் மீன் விற்ற கிழவர் பையனுக்கு ஒரு சின்னக் கத்தியைக் கொடுத்தார்.' கிழவரைப் பற்றிய விவரம் எல்லாம் கிழவருக்கு முன்பே வந்துவிடுகிறது. கொடுத்தது யார், யாருக்கு, எதை என்பதை 'க்கு', 'ஐ' என்கிற உருபுகள் சொல்லிவிடுகின்றன. வினை கடைசியில் வந்து எல்லாவற்றையும் முடித்து வைக்கிறது. ஆங்கிலத்தில் கிழவர் முதலில் வருகிறார், அவரைப் பற்றிய விவரம் பின்னால் வருகிறது, அதற்கும் பின்னால்தான் 'கேவ்' என்கிற முக்கிய வினை. உருபு கிடையாது, நிற்கிற இடத்தை வைத்துத்தான் யார் யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். பையன் 'கேவ்' என்ற சொல்லுக்கு வந்தபோது அதற்கு மிகப் பக்கத்தில் இருந்தது பாலம். அதோடு ஒட்டிவிட்டான். நான் புத்தகத்தில் 'ஹூ'விலிருந்து 'பிரிட்ஜ்' வரை பென்சிலால் ஒரு வளையம் போட்டு, "இதை விட்டுட்டு வாசி" என்றேன். 'தி ஓல்ட் மேன் கேவ் த பாய் எ ஸ்மால் நைஃப்' என்று வாசித்தான், சட்டென்று நிமிர்ந்து பார்த்தான். அப்புறம் வளையத்துக்குள் இருப்பது எந்தக் கிழவர் என்பதைச் சொல்கிறது என்று அவனே சொன்னான். ரிலேட்டிவ் கிளாஸ் என்கிற பெயரை அதற்குப் பிறகுதான் சொன்னேன். இலக்கணம் சொல்லிக்கொடுக்க வேண்டிய நேரம் அதுதான். ஒரு வரி புரியாமல் முட்டிக்கொண்டு நிற்கும்போது சொன்னால் ஒட்டிக்கொள்ளும்.

இது ஏதோ என் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என்.எஸ். பிரபு என்கிற அறிஞர், 1979லிருந்து 1984 வரை பெங்களூர், சென்னை உட்பட தென்னிந்தியப் பள்ளிகள் சிலவற்றில் ஒரு பெரிய சோதனை நடத்தினார். வகுப்பில் இலக்கணப் பாடமே கிடையாது. ரயில் அட்டவணையையும் வரைபடத்தையும் கொடுத்து, எந்த வண்டியைப் பிடித்தால் நேரத்துக்குப் போகலாம், எந்த வழியாகப் போகவேண்டும் என்று ஆங்கிலத்தில் கணக்குப் போட வைத்தார்கள். மனம் அர்த்தத்தில் மும்முரமாக இருக்கும்போதுதான் மொழியின் இலக்கணம் உள்ளே படிகிறது என்பது அவர் கட்சி. உலகம் முழுக்க ஆங்கில ஆசிரியர்கள் இன்றும் இதைப் பற்றிப் பேசுகிறார்கள். இலக்கணத்தை அடியோடு விட்டுவிடலாம் என்கிற அளவுக்கு நான் அவரோடு போகமாட்டேன். பென்சில் வளையம் போல நேரம் பார்த்துச் சொன்னால் பலன் இருக்கிறது. ஆனால் அவர் எந்தப் பக்கம் கை காட்டினாரோ, அந்தப் பக்கம்தான் போகவேண்டும். நம் பத்தாம் வகுப்புத் தேர்விலேயே ரோடு மேப் கேள்வி வருகிறதே, அது இந்த வகையைச் சேர்ந்ததுதான். அதற்கும் 'கோ ஸ்ட்ரெயிட், டர்ன் லெஃப்ட்' என்று விடையை மனப்பாடம் செய்ய வைத்துவிட்டோம் என்பதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

சரி, என்ன வாசிப்பது? அவள் வகுப்புக்கு ஏற்றது வேண்டாம். அதைவிட நன்றாகவே கீழே இறங்குங்கள். மொழி கற்பித்தலில் பெரிய பெயரான பால் நேஷனும் அவரைச் சேர்ந்தவர்களும் சொல்வது, ஒரு பக்கத்தில் 100க்கு 98 சொற்கள் தெரிந்திருந்தால்தான் யார் உதவியும் இல்லாமல் நிம்மதியாக வாசிக்கமுடியும் என்று. அதாவது 250 சொல் உள்ள பக்கத்தில் தெரியாத சொல் ஐந்துக்கு மேல் போகக்கூடாது. இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் அவளுடைய பத்தாம் வகுப்புப் பாடநூலே அவளுக்கு எட்டாத உயரத்தில் இருக்கும். நான்காம், ஐந்தாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகத்திலிருந்து தொடங்கட்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் பழைய புத்தகம் இருக்கும், பாடநூல் கழகத்தின் தளத்திலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அப்புறம் பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளம் இருக்கிறது. கதைகளை நான்கு நிலைகளாகப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள், பல கதைகள் தமிழிலும் ஆங்கிலத்திலும் கிடைக்கின்றன, காசு கிடையாது. போனிலேயே வாசிக்கலாம். மதுரை உங்களுக்குப் பக்கம்தான். 2023ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகள் பகுதிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு போங்கள். பத்தாம் வகுப்புப் பெண் சின்னப் பிள்ளைகள் புத்தகத்தை எடுக்கக் கூச்சப்படலாம். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் கூச்சம் குறையும்.

எளிய புத்தகம் நிறைய வாசித்தால் இலக்கணமும் தேறுமா என்று உங்களுக்குச் சந்தேகம் வரும். 1980களின் தொடக்கத்தில் ஃபிஜித் தீவின் கிராமத்துப் பள்ளிகளில் வார்விக் எல்லி, ஃப்ரான்சிஸ் மங்குபாய் என்ற இருவர் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்கும் ஆங்கிலம் வீட்டு மொழி அல்ல. வகுப்புக்கு 250 கதைப் புத்தகங்கள் கொடுத்தார்கள். எட்டு மாதத்தில் வாசிப்பில் வழக்கத்தைப்போல இரண்டு மடங்கு வேகத்தில் முன்னேறினார்கள். 20 மாதம் ஆனபோது அந்தப் பலன் எழுத்துக்கும் இலக்கணத்துக்கும் பரவியிருந்தது. அவர்கள் 9லிருந்து 11 வயதுப் பிள்ளைகள், உங்கள் மகள் பெரியவள், பொதுத்தேர்வும் தலைக்கு மேல் இருக்கிறது. அதனால் அப்படியே எதிர்பார்க்கக்கூடாது. ஆனாலும் தினமும் அரைமணி நேரம் கதை வாசிக்கிற பிள்ளை கிராமரில் பின்தங்கிவிடும் என்று பயப்பட வேண்டாம்.

இப்போது உங்கள் வேலைக்கு வருகிறேன். நீங்கள் இல்லாமல் இது நடக்காது. தறிச் சத்தம் ஓய்ந்து நீங்கள் வீட்டுக்கு வந்த பிறகு, அன்றைக்கு வாசித்த கதையை அவள் உங்களுக்குத் தமிழில் சொல்லவேண்டும். உங்களுக்கு ஆங்கிலம் தெரியவேண்டிய அவசியமே இல்லை. கதை கேட்டு வளர்ந்தவர் நீங்கள், எங்கேயாவது இடறினால் உங்கள் காதுக்குத் தெரிந்துவிடும். "பாலம் எப்படிம்மா கத்தி குடுக்கும்?" என்று நீங்கள் கேட்டால் போதும், அவள் புத்தகத்துக்குத் திரும்பிப் போய் அந்த வரியை மறுபடி பார்ப்பாள். எந்த வகுப்பிலும் அவளிடம் யாரும் கேட்காத கேள்வி இது. தெரியாத சொல் வந்தால் உடனே அகராதியைத் தேடவேண்டாம், பக்கத்தை முடித்துவிட்டுப் பார்க்கட்டும். போனில் படம் பிடித்து அப்படியே தமிழாக்கிக் காட்டுகிற வசதியை மட்டும் வாசிக்கும்போது தொடவேண்டாம்.

கிராமருக்கு ஒரு நோட்டு போடுங்கள். அன்றைய கதையிலிருந்து அவளுக்குப் பிடித்த ஒரே ஒரு வாக்கியத்தை எழுதட்டும். அதையே நேற்று நடந்ததாக, நாளை நடக்கப்போவதாக, ஒருவருக்குப் பதில் பலராக, கேள்வியாக மாற்றி எழுதட்டும். ரென் அண்ட் மார்ட்டினைத் தூக்கிப் போட வேண்டாம். 1930களில் வந்து இன்றுவரை நிற்கிற புத்தகம் அது. சந்தேகம் வந்த இடத்தைப் புரட்டிப் பார்க்க வைத்துக்கொள்ளுங்கள். முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் போட்டு முடிப்பதை மட்டும் நிறுத்துங்கள். 'எ', 'த' எங்கே போடுவது என்பது அவளைக் குழப்பும். 'ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தாரு, அந்த ராஜாவுக்கு' என்று நாம் கதை சொல்வதை அவளுக்கு நினைவுபடுத்துங்கள். முதலில் 'ஒரு', அப்புறம் 'அந்த'. ஆங்கிலக் கதைகளும் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கும். 'நேற்று அவளைப் பார்த்திருக்கிறேன்' என்று தமிழில் சொல்லமுடியும் என்பதால், 'எஸ்டர்டே' போட்ட வாக்கியத்தில் 'ஐ ஹேவ் சீன்' என்று எழுதிவிடுவாள். 'எஸ்டர்டே' வந்தால் 'ஐ ஸா' மட்டும்தான்.

ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு இப்போது வேண்டாம். அந்தக் காசுக்குப் புத்தகம் வாங்குங்கள். தமிழ்வழியில் படிக்க வைத்ததற்காக நீங்கள் ஒரு நிமிடம்கூட வருந்தவேண்டியதில்லை. தமிழில் நன்றாக வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்கு வாசிப்பு என்றால் என்ன என்று ஏற்கனவே தெரியும், அதை இன்னொரு மொழிக்குக் கொண்டுபோவதுதான் பாக்கி. இரண்டு மொழியிலும் வாசிக்க வராமல் நிற்கிற ஆங்கிலவழிப் பிள்ளைகளை நான் நிறையப் பார்க்கிறேன்.

தேர்வைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வாய்ஸ், ரிப்போர்ட்டட் ஸ்பீச், நிறுத்தற்குறி, வாக்கிய மாற்றம் எல்லாம் இரண்டு மார்க் கேள்விகள், பிழை திருத்தம் 5 மார்க். இவற்றில் அவள் ஏற்கனவே தேறியிருக்கிறாள். கைடை அரையாண்டு வரை மூடி வைக்கட்டும். துணைப்பாடக் கதைகளை முதலில் கதையாக வாசித்து உங்களிடம் சொல்லட்டும், கைடைத் திறப்பது அதற்குப் பிறகு. ஜனவரியிலிருந்து பழைய வினாத்தாள்களை எழுதிப் பழகினால் போதும்.

அந்த பேங்க் கடிதத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அந்த மாதிரிக் கடிதங்களின் ஆங்கிலம் கதையின் ஆங்கிலத்தைவிடக் கடினம், பெரியவர்களே தடுமாறுவார்கள் என்று மகளிடம் சொல்லுங்கள். அரையாண்டு விடுமுறையில் மறுபடி எழுதுங்கள். அவள் எந்தப் புத்தகம் வரை வந்திருக்கிறாள், எந்த மாதிரி வரியில் நிற்கிறாள் என்று இரண்டு மூன்று உதாரணங்களோடு அவளே எழுதினால் இன்னும் நல்லது, தமிழிலேயே எழுதட்டும்.

அன்புடன்