ஜார்ஜ் ஹாரிசன் கையெழுத்துக்காக நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: நான் ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கிறேன். வீடு காவேரிப்பட்டணம். காலமான தாய்மாமா விட்டுப்போன 40 இங்கிலீஷ் ரெக்கார்டுகளைக் கேட்கத் தொடங்கி, பீட்டில்ஸ் குழுவில் இருந்த ஜார்ஜ் ஹாரிசனின் தீவிர ரசிகனாகிவிட்டேன். இப்போது ஒருவர், ஹாரிசன் கையெழுத்திட்ட 'லிவிங் இன் த மெட்டீரியல் வேர்ல்டு' எல்.பி.யை 45,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார். உறை நல்ல நிலையில் இருக்கிறது. மேலே '180 கிராம்' என்று ஸ்டிக்கர்கூட இருக்கிறது. மனைவியின் சங்கிலியை அடகு வைத்து வாங்கலாமா என்று யோசிக்கிறேன். அவர் சரி என்றுதான் சொன்னார், ஆனால் முகம் வாடிவிட்டது. மாமாவின் தட்டுகள் பலவும் கரகர என்கின்றன, சில நெளிந்திருக்கின்றன. இப்போது சூட்கேஸ் பிளேயரில்தான் கேட்கிறேன். அமெரிக்காவில் இருக்கும் மச்சான் அங்கிருந்தே ஒரு நல்ல டர்ன்டேபிள் அனுப்புவதாகச் சொல்கிறார். என்ன செய்யலாம்?
– வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: சங்கிலி உங்கள் மனைவியின் கழுத்திலேயே இருக்கட்டும். அந்தக் கையெழுத்து போலி. அதற்கான சாட்சி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது.

ஹாரிசன் காலமானது 2001 நவம்பர் 29-ல். நீங்கள் சொல்லும் ஆல்பம் 1973-ல் வெளிவந்தது. அது 180 கிராம் கனத்தட்டாக மறுபடி அச்சாகி விற்பனைக்கு வந்தது 2017-ல். பிறகு ஐம்பதாம் ஆண்டுப் பதிப்பு 2024-ல் வந்தது. அவர் மறைந்து பல ஆண்டுகள் கழித்து அச்சான அட்டையில் அவர் எப்படிக் கையெழுத்துப் போட்டிருக்க முடியும்? ஸ்டிக்கர் வேறு உறையிலிருந்து ஒட்டியது என்று விற்பவர் சமாளித்தால் பின்னட்டையைத் திருப்பிப் பாருங்கள். அடியில் பொடி எழுத்தில் பதிப்புரிமை ஆண்டு இருக்கும். பார்கோடு அச்சாகியிருந்தால் அது நிச்சயம் 1973-ன் உறை இல்லை.

இனிமேலும் இப்படி யாராவது வருவார்கள். நகைக்கடைக்காரர் பயன்படுத்தும் 10 மடங்கு லென்ஸ் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வேகமாகப் போட்ட கையெழுத்தில் கோடு தொடங்கும் இடமும் முடியும் இடமும் மெலிந்து கூராக இருக்கும். பார்த்து வரைந்ததில் இரண்டு முனையும் மழுங்கலாக, கோடு நடுவில் லேசாக நடுங்கியிருக்கும், பேனா நின்ற இடத்தில் மை திட்டாகத் தேங்கியிருக்கும். கோட்டுக்குள் பொடிப்பொடிப் புள்ளிகள் தெரிந்தால் அது அச்சு. பீட்டில்ஸ் காலத்துக் கையெழுத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. அந்தக் குழுவோடு பயணம் செய்த நீல் ஆஸ்பினால், மால் எவன்ஸ் இருவருமே ரசிகர்களுக்காக நால்வர் பெயரையும் கையெழுத்திட்டுக் கொடுத்தவர்கள். காகிதமும் மையும் அந்தக் காலத்தவையாக இருந்தாலும் கை வேறாக இருக்கலாம். விற்பவரே அச்சடித்துத் தரும் சான்றிதழுக்கு மதிப்பே இல்லை. யார், எந்த ஊரில், எந்த நிகழ்ச்சியில் வாங்கினார் என்ற தொடர்ச்சி படமாகவோ கடிதமாகவோ இருந்தால் மட்டும் மேற்கொண்டு பேசலாம்.

இதைவிட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. அந்தச் சூட்கேஸ் பிளேயரில் மாமாவின் தட்டுகளைப் போடுவதை இன்றே நிறுத்துங்கள். அதில் இருப்பது பெரும்பாலும் செராமிக் கார்ட்ரிட்ஜ் (ஊசி பொருந்தியிருக்கும் பாகம்). ஊசி 5, 6 கிராம் எடையோடு தட்டின் மேல் உட்காரும். நல்ல மேக்னெட்டிக் கார்ட்ரிட்ஜுக்கு 1.5 முதல் 2.5 கிராம் போதும். கூடுதல் எடை, பாட்டு பதிந்திருக்கும் பள்ளத்தின் சுவரைத் தேய்க்கும். தேய்ந்த சுவரை எந்தக் கழுவலும் திருப்பித் தராது. தூசியால் வரும் சத்தம் 'டிக், டிக்' என்று ஒழுங்கில்லாமல் வரும், கழுவினால் குறையும். தேய்மானத்தின் சத்தம் பாடகர் குரல் உயரும் இடத்திலெல்லாம் கூடவே கரகரக்கும், தட்டின் உள்வட்டத்துக்குப் போகப்போக அதிகமாகும். உங்கள் 40 தட்டுகளையும் கழுவிய பிறகு இந்தக் காதோடு கேட்டுப் பிரித்துவிடுங்கள்.

மச்சான் அனுப்பும் டர்ன்டேபிள் பற்றி அவரிடம் ஒன்று கேளுங்கள். பின்பக்கத் தகட்டில் என்ன எழுதியிருக்கிறது? '120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ்' என்று மட்டும் இருந்து, உள்ளே ஏ.சி. சிங்க்ரனஸ் மோட்டார் (மின்சாரத்தின் ஹெர்ட்ஸுக்கு ஏற்ற வேகத்தில் சுற்றுவது) என்றால் வேண்டாம். 230 வோல்ட்டை 120 ஆக்க ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போடலாம், ஆனால் அது ஹெர்ட்ஸை மாற்றாது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அந்த மோட்டார் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும், 33⅓ சுற்று 27.8 ஆகிவிடும். ஐந்து கட்டையில் பாடியவர் மூன்று கட்டைக்கு இறங்கியதுபோல் கேட்கும், தாளமும் இழுக்கும். 50 ஹெர்ட்ஸுக்கான புல்லி கிடைக்கும் மாடல் என்றால் மட்டும் யோசிக்கலாம். டி.சி. மோட்டாரோ, குவார்ட்ஸ் கட்டுப்பாடுள்ள டைரக்ட் டிரைவோ என்றால் வேகம் மாறாது, வோல்டேஜை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். அனுப்பும்போது தட்டு சுற்றும் பிளாட்டர், பின்னால் உள்ள எடைக்குண்டு, கார்ட்ரிட்ஜைத் தாங்கும் ஹெட்ஷெல் மூன்றையும் கழற்றித் தனித்தனியே சுற்றச் சொல்லுங்கள். பிளாட்டரைக் கழற்றாமல் அனுப்பினால் வழியில் குதித்துக் குதித்து நடு அச்சின் பேரிங்கைக் கெடுத்துவிடும். சுங்க வரி, பொருளின் விலையோடு அனுப்பும் செலவையும் சேர்த்துத்தான் கணக்காகும். அதைக் கூட்டிப் பார்த்தால் இங்கேயே புதிதாக வாங்குவது மலிவாக இருக்கலாம்.

எது வாங்கினாலும் ஃபோனோ ப்ரீ-ஆம்ப் உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். ரெக்கார்டு வெட்டும்போது அடிநாதத்தைக் குறைத்து, மேல்நாதத்தைக் கூட்டித்தான் வெட்டுகிறார்கள். ப்ரீ-ஆம்ப் அதைச் சரிசெய்து, சில மில்லிவோல்ட் மட்டுமே வரும் சத்தத்தையும் பெருக்குகிறது. அது இல்லாமல் ஆம்ப்ளிஃபயரின் ஆக்ஸ் துளையில் சொருகினால் தகரத்தைத் தட்டுவதுபோல் மெலிசாகத்தான் வரும். 'ம்ம்ம்' என்று ஓயாமல் இரைச்சல் வந்தால் பெரும்பாலும் டர்ன்டேபிளிலிருந்து வரும் மெல்லிய எர்த் வயரை ப்ரீ-ஆம்ப்பின் திருகில் மாட்டவில்லை என்று பொருள்.

பிளேயரை எதன் மேல் வைப்பது? கிருஷ்ணகிரிக்காரருக்கு இது பெரிய கேள்வியே இல்லை. கிரானைட் அறுக்கும் பட்டறையில் சமையல்மேடைக்கு வெட்டியதில் மிஞ்சிய துண்டைக் கேளுங்கள். 46-க்கு 38 சென்டிமீட்டர், 2 சென்டிமீட்டர் கனம் என்றால் எடை ஒன்பது கிலோவுக்கு மேல் வரும். யாராவது நடந்தால் ஊசி துள்ளுவதை அந்த எடை பெரிதும் அடக்கும். வெறும் கல் கணீரென்று ஒலிக்கும் குணமுள்ளது, அதனால் அடியில் நான்கு மூலையிலும் ஏ.சி. வெளி யூனிட்டுக்குப் போடும் ரப்பர் பேட் வையுங்கள். பிறகு கொத்தனாரின் ரசமட்டத்தைப் பிளாட்டர் மேலேயே குறுக்கும் நெடுக்குமாக வைத்துச் சமம் பாருங்கள். ஸ்பீக்கர் அதே மேஜையில் இருக்கக் கூடாது. இன்னொன்று, உங்கள் வீட்டுப் பக்கம் குவாரியோ பட்டறையோ இருந்தால் காற்றில் வரும் கல்தூசியில் குவார்ட்ஸ் இருக்கும். பிளாஸ்டிக்கைக் கீறும் கடினம் அதற்கு உண்டு. மூடி இல்லாத பிளேயர் வேண்டாம்.

இனி கழுவுவது. போர் தண்ணீரில் ஒருபோதும் கழுவாதீர்கள். நம் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் நிலத்தடி நீரின் ஃப்ளோரைடு பிரச்சினைக்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. ஒகேனக்கல் தண்ணீரிலும் உப்பு இருக்கத்தான் செய்யும். காய்ந்ததும் அந்த உப்பு பள்ளத்தில் படிந்து புதுக் கரகரப்பைக் கொண்டுவரும். டிஸ்டில்டு வாட்டர் 800 மில்லி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் 200 மில்லி, வாசனையில்லாத பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு மூன்று சொட்டு, இவ்வளவுதான் கலவை. ஒரு பக்கத்துக்கு 15 மில்லி கணக்கில் 40 தட்டுக்கு 1.2 லிட்டர் ஆகும். அலசுவதற்கு வெறும் டிஸ்டில்டு வாட்டர் இரண்டு மடங்கு வைத்துக்கொள்ளுங்கள். கையில் தடவும் சானிடைசர் உதவாது, அதில் பிசின் மாதிரிச் சேர்க்கைகள் இருக்கும். கலவையை அடுப்புப் பக்கம் வைக்காதீர்கள்.

முதலில் உலர்ந்த கார்பன் ஃபைபர் பிரஷால் தூசியை எடுங்கள். லேபிள் ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் விட்டம் இருக்கும். அதைவிடச் சற்றுப் பெரிய பிளாஸ்டிக் டப்பா மூடியைக் கவிழ்த்து மறைத்துக்கொண்டு கலவையை விடுங்கள். மென்மையான துணியால் பள்ளம் போகும் வட்டத்திலேயே தேயுங்கள், குறுக்கே இழுக்கவே கூடாது. காய்வதற்குள் ஒற்றி எடுத்துவிட வேண்டும். பலரும் தவறவிடுவது இங்கேதான். கரைந்த அழுக்கு காய்ந்தால் திரும்பவும் அடியில்போய் ஒட்டிக்கொள்ளும். இரண்டு தரம் அலசி, பாத்திரம் கவிழ்க்கும் ஸ்டாண்டில் நிறுத்தி, மின்விசிறி போடாமல் உலரவிடுங்கள். புது உள்ளுறையில் போடுங்கள். பழைய உள்ளுறையைத் தூக்கி எறிய வேண்டாம், சேகரிப்பவருக்கு அதுவும் ஆல்பத்தின் பாகம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. மாமாவின் பெட்டியில் 78 சுற்றுத் தட்டு இருந்தால் அதன்மேல் இந்தக் கலவை படவே கூடாது. அது அரக்கால் ஆனது, ஆல்கஹால் அதைக் கரைத்துவிடும். அப்படி ஏதாவது இருந்தால் லேபிளைக் கவனமாகப் படியுங்கள். மற்ற நாடுகள் பலவும் 78-ஐக் கைவிட்ட பிறகும் இந்தியாவில் பீட்டில்ஸ் பாட்டுகள் அந்த வடிவில் வந்தன. உலகெங்கும் தேடப்படும் பொருள் அது. கைதவறினால் உடைந்துவிடும், எல்.பி. ஊசியால் அதை ஓட்டவும் கூடாது.

நெளிந்த தட்டை வெயிலில் வைப்பது, இஸ்திரி போடுவது எல்லாம் வேண்டாம். சுத்தமான காகிதம் வைத்து, இரண்டு பாலிஷ் கிரானைட் துண்டுகளுக்கு நடுவே இரண்டு மூன்று வாரம் விட்டுப் பாருங்கள். பெரிய வளைவு கொஞ்சம் படியும். ஓரத்தில் மட்டும் சுருக்கென்று நெளிந்தது சரியாகாது. மேலும் நெளியாமல் இருக்க, தட்டுகளை நேராக நிறுத்தி வையுங்கள், சாய்ந்து நிற்கக் கூடாது. நூறு எல்.பி. உறையோடு 25 கிலோ தாண்டும், தாங்குகிற அலமாரி வேண்டும். மேற்குச் சுவரும், மொட்டைமாடிக்குக் கீழுள்ள பரணும் ஆகாது. பிசுபிசுவென்று ஒட்டும் பி.வி.சி. உறையைக் கழற்றிவிடுங்கள், சூட்டில் அது தட்டின் மேல் பால்நிறப் படலத்தை விடும். பாலிப்ரொப்பிலீன் உறை நல்லது. அட்டையின் பசையை இராமபாணப் பூச்சி தின்னும். அதற்காக அந்துருண்டை போட்டால் வாசனை அட்டையில் ஏறி இறங்கவே இறங்காது. மாதம் ஒருமுறை எடுத்துத் தட்டி வைப்பதே போதும்.

கையெழுத்துக்கு ஒதுக்கிய பணம் பற்றி ஒரு யோசனை. ஹாரிசன் நம் இசையோடு சேர்ந்து செய்தவற்றைத் தேடுங்கள். நம் ஊர் ரசிகருக்கு இதைவிட நெருக்கமான சேகரிப்பு கிடையாது. 1968 ஜனவரியில் மும்பை எச்.எம்.வி. ஸ்டுடியோவில் இந்தியக் கலைஞர்களோடு ஒரு பகுதி பதிவான 'வொண்டர்வால் மியூசிக்', அதே நாட்களில் அங்கே வாத்திய இசை பதிவாகி 'லேடி மடோனா' சிங்கிளின் பின்பக்கத்தில் வந்த 'தி இன்னர் லைட்', 1971 ஆகஸ்ட் 1 பங்களாதேஷ் நிவாரணக் கச்சேரியின் மூன்று தட்டுப் பெட்டி, அவருடைய டார்க் ஹார்ஸ் நிறுவனம் 1974-ல் வெளியிட்ட 'சங்கர் ஃபேமிலி அண்ட் ஃபிரெண்ட்ஸ்', 1976-ன் 'மியூசிக் ஃபெஸ்டிவல் ஃபிரம் இந்தியா'. இந்தக் கடைசி ஆல்பத்துக்காக சிதார் கலைஞர் ரவிசங்கர் 1974-ல் சேர்த்த குழுவில் எல். சுப்பிரமணியம் வயலினும் டி.வி. கோபாலகிருஷ்ணன் மிருதங்கமும் வாசித்தார்கள். ஹாரிசன் தயாரித்து 1997-ல் வந்த 'சாண்ட்ஸ் ஆஃப் இந்தியா'வின் ஒரு பகுதி பதிவானது நம் சென்னையில்! பழைய எல்.பி. கிடைக்கும்வரை, 2010-ல் வந்த 'கொலாபரேஷன்ஸ்' என்ற சி.டி. பெட்டியில் கடைசி மூன்றும் இருக்கின்றன.

பெட்டி ஆல்பங்களில் பாகம் குறைவதுதான் ஏமாற்றம். பங்களாதேஷ் பெட்டியில் 64 பக்கப் புத்தகம் இருக்க வேண்டும். ஹாரிசனின் 'ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்' பெட்டியில் மூன்று தட்டும், போஸ்டரும், பாட்டுவரி அச்சிட்ட உள்ளுறைகளும் இருக்க வேண்டும், மூன்றாவது தட்டின் லேபிளில் ஜாம் பாட்டில் படம் இருக்கும். அச்சின் வயதைப் பார்க்க, செல்போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, கடைசிப் பாட்டுக்கும் லேபிளுக்கும் நடுவே வழுவழுப்பாக உள்ள பகுதியைப் படியுங்கள். இங்கிலாந்து ஈ.எம்.ஐ. தட்டுகளில் பதிவெண்ணோடு தனியே ஓரிரு ஆங்கில எழுத்துகள் இருக்கும், ஒவ்வொன்றும் ஓர் எண்ணைக் குறிக்கும். ஜி 1, ஆர் 2, ஏ 3, எம் 4, ஓ 5, பி 6, எச் 7, எல் 8, டி 9, அடுத்த டி (டேவிட் டி) 0. எண் சிறிதாக இருந்தால் முதலில் செய்த அச்சுகளில் ஒன்று.

தேடுவதற்கு ஓசூரிலிருந்து பெங்களூரு பக்கம்தானே. ஞாயிற்றுக்கிழமை அவென்யூ ரோட்டை ஒட்டி பி.வி.கே. ஐயங்கார் ரோட்டில் கூடும் சண்டே பஜாருக்குக் காலையிலேயே போய்விடுங்கள். டார்ச்சும் லென்ஸும் கையில் இருக்கட்டும். தட்டை உறையிலிருந்து வெளியே எடுத்துப் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம். வாங்கியதை வெயிலில் நிறுத்திய காரில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். மாதச் செலவுக்கு ஒரு தொகையை மனைவியோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். வாங்கிய தேதி, விலை, தட்டின் நிலை மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி அவர் பார்வைக்கு வையுங்கள். முதல் பக்கத்தில் மாமாவின் 40 தட்டுகளையும் எழுதிவிட்டு, அதன் பிறகு புதிதாக வாங்குங்கள்.