ழான் மொரோவின் பாட்டு: கேள்வி பதில்

கேள்வி: 'ஜூல்ஸ் அண்ட் ஜிம்' படத்தில் பிரெஞ்சு நடிகை ழான் மொரோ பாடுவது அவர் குரலா? நம் ஊர் போலப் பின்னணி யாராவது பாடினார்களா?

பதில்: அவர் குரலேதான். பாட்டின் பெயர் 'லெ தூர்பியோன்'. சுழல் என்று அர்த்தம். சேர்ந்து, பிரிந்து, மறுபடி சேர்ந்து என்று சுற்றிக்கொண்டே இருக்கும் ஒரு ஜோடியின் கதை. எழுதியவர் செர்ழ் ரெஸ்வானி. ஓவியர், மொரோவுக்கும் அவர் கணவருக்கும் நெருங்கிய நண்பர். அந்த இருவரையும் மனதில் வைத்துத்தான், படத்துக்குப் பல வருஷம் முன்பே விளையாட்டாக எழுதியிருந்தார். இயக்குநர் த்ரூஃபோவுக்குப் பிடித்துப்போய் 1962இல் வந்த படத்தில் சேர்த்துக்கொண்டார். பக்கத்தில் உட்கார்ந்து கிடார் வாசிக்கிறாரே, அவர்தான் ரெஸ்வானி.

அடுத்த முறை பார்க்கும்போது மொரோவின் கையைக் கவனியுங்கள். ஓரிடத்தில் சரணத்தை மாற்றிப் பாடிவிடுவார். உடனே 'அடடா, மாறிப்போச்சு' என்பதுபோல் கையால் ஒரு சைகை. நிறுத்தாமல் பாடிக்கொண்டே போவார். த்ரூஃபோ அந்த டேக்கையே படத்தில் வைத்துவிட்டார். எனக்குக் காட்சியின் உயிரே அந்தக் கையில்தான் இருக்கிறது.

கேள்வி: முறையாகச் சங்கீதம் கற்றவரா?

பதில்: அவர் கற்றது நடிப்பு. 1947இல், 19 வயதில், கொமெதி ஃப்ரான்சேஸ் நாடகக் குழுவில் மேடையேறியவர். பாட்டிலும் அதுதான் தெரியும். லேசாகக் கரகரக்கும் குரல், உச்சஸ்தாயி வேலையெல்லாம் கிடையாது. பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ ரகசியம் சொல்வதுபோல் பாடுவார். 1963இல் ரெஸ்வானியின் 12 பாடல்களோடு தனி இசைத்தட்டே வந்தது.

கேள்வி: அமெரிக்க ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் இவருக்கு இசையமைத்தாரா?

பதில்: பாட்டுக்கு அல்ல, நடைக்கு! இயக்குநர் லூயி மாலின் 'எலிவேட்டர் டு தி கேலோஸ்' படத்தில், காதலனைத் தேடி மொரோ ராத்திரியில் பாரிஸ் தெருக்களில் அலைவார். பெரிய விளக்குகள் வைக்கவில்லை, கடைக் கண்ணாடிகளின் வெளிச்சம்தான் முகத்தில். 1957 டிசம்பரில் டேவிஸ் அந்தக் காட்சிகளை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டே டிரம்பெட் வாசித்தார்.

கேள்வி: ஆங்கிலம் சரளமாகப் பேசினாரே?

பதில்: அம்மா இங்கிலாந்துக்காரர், நடனக்காரர்.

கேள்வி: வயதான பிறகு பாடினாரா?

பதில்: பாடினார். 1982இல் ஜெர்மன் இயக்குநர் ஃபாஸ்பிண்டரின் 'கெரெல்' படத்தில் ஆஸ்கார் வைல்டின் கவிதை வரிகளை ஆங்கிலத்தில் பாடினார். அப்புறம் 1995 கான் திரைப்பட விழா. மொரோ நடுவர் குழுத் தலைவர். தொடக்க விழாவில் வனெஸா பரதி, அவரும் நடிகை-பாடகிதான், மொரோவுக்காக 'லெ தூர்பியோன்' பாட, மொரோவும் சேர்ந்துகொண்டார். அவருக்கு அப்போது வயது 67. தேடினால் காணொளி கிடைக்கும்.