ப்ராக்சி பார்சரை வேகப்படுத்துவது எப்படி? – கேள்வி பதில்

ரோஸ் ஹில்லிலிருந்து: அண்ணா, எங்கள் கணினிக் கூடத்தில் ஸ்க்விட் என்ற ப்ராக்சி (பயனருக்கும் தளத்துக்கும் நடுவே நிற்கும் சர்வர்) ஓடுகிறது. ஃப்ரான்ஸ் தளங்கள் மெதுவாகத் திறக்கின்றன. பார்சரை, அதாவது வரும் கோரிக்கையைப் பிரித்துப் படிக்கும் பகுதியை, திருத்தினால் சரியாகுமா?

ஆகாதுங்க. மொரீஷியஸிலிருந்து பாரிஸ் 9,000 கிலோமீட்டருக்கு மேல். கண்ணாடியிழையில் ஒளி மில்லிசெகண்டுக்குச் சுமார் 200 கிலோமீட்டர்தான் போகும். போய்வரவே 90 மில்லிசெகண்ட் கழிந்துவிடும். ஹெட்டரை (கோரிக்கையின் தொடக்கத்தில் வரும் விவர வரிகளை) பிரிக்க ஆவதோ மைக்ரோசெகண்ட் கணக்கு. கேஷ் (ஒருமுறை வந்த பக்கங்களைச் சேமித்து வைக்கும் இடம்) சரியாக வேலை செய்கிறதா என்று பாருங்கள். சிபியு நிரம்பும்போதுதான் பார்சரைத் தொட வேண்டும்.

எபெனிலிருந்து: எங்களுக்கு ஒரு கோர் முழுக்க நிரம்பிவிடுகிறது. எங்கே தொடங்குவது?

அளந்துவிட்டுத் தொடங்குங்கள். டீபக் குறிகளோடு (ஃபங்ஷன் பெயர்கள் தெரியும்படி) கம்பைல் செய்து, உண்மையான சுமை இருக்கும் நேரத்தில், சிபியு எங்கே செலவாகிறது என்று காட்டும் பெர்ஃப் கருவியால் 30 விநாடி பதிவெடுங்கள். அதற்கு முன் ஸ்க்விட்டின் டீபக் லாக் நிலையை 1-க்கு இறக்குங்கள். இல்லையென்றால் லாக் எழுதும் செலவு பார்சர் தலையில் விழும். பல இடங்களில் உச்சியில் நிற்பது ரெஜெக்ஸ் (எழுத்து வடிவத்தைப் பொருத்திப் பார்க்கும்) விதிகள். அவற்றை டொமைன் பட்டியலாக மாற்றினால் ஸ்க்விட் மரமாக அடுக்கித் தேடும். அதோடு வேலை முடிந்துவிடலாம்.

டர்பனிலிருந்து: நாங்களே ஒரு பார்சர் எழுதுகிறோம். பெரிய குக்கி வந்தால் மட்டும் சிபியு எகிறுகிறது. ஏன்?

படித்ததையே திரும்பப் படிக்கிறது. ஒவ்வொரு துண்டு வந்ததும் முதல் பைட்டிலிருந்து தொடங்குகிறதா என்று பாருங்கள். 17,520 பைட் ஹெட்டர், 1,460 பைட் வீதம் 12 துண்டாக வந்தால், அப்படிப்பட்ட பார்சர் மொத்தம் 1,13,880 பைட் படிக்கும். ஆறரை மடங்கு! ஹெட்டர் இரட்டித்தால் இந்த வீண்வேலை ஏறக்குறைய நான்கு மடங்காகும். நின்ற இடத்தை நினைவில் வைத்துத் தொடருங்கள். ஹெட்டரின் முடிவு சிஆர் எல்எஃப் சிஆர் எல்எஃப் என்ற நான்கு பைட் (வரி முடிவுக் குறி இரண்டு முறை). அது இரண்டு துண்டுகளுக்கு நடுவே பிளந்து வரலாம். அதனால் அடுத்த தேடலை 3 பைட் பின்வாங்கித் தொடங்க வேண்டும். இதை மறந்தால் எப்போதோ ஒரு கோரிக்கை காரணமில்லாமல் தொங்கி நிற்கும்; சாதாரண சோதனையில் அகப்படவே அகப்படாது. ஆகவே ஒவ்வொரு பைட்டாக அனுப்பும் சோதனை ஒன்று கட்டாயம் எழுதுங்கள்.

இன்னொன்று: ஒவ்வொரு ஹெட்டருக்கும் தனி ஸ்ட்ரிங் நகலெடுக்காதீர்கள். தொடக்க இடம், நீளம் என்று இரண்டு எண் போதும். பாயிண்டர் (நினைவக முகவரி) வைத்தால் பஃபர் இடம் மாறும்போது செல்லாமல் போகும்.

செயின்ட் டெனியிலிருந்து: பெரிய எழுத்தைச் சிறியதாக்க 32-க்கான பிட்டை ஏற்றி ஒப்பிடுகிறோம். சரிதானே?

எழுத்துக்கு மட்டும் சரி. '^' குறியின் எண் 94, '~' குறியின் எண் 126. ஹெட்டர் பெயரில் இரண்டுமே செல்லும். உங்கள் முறையில் இரண்டும் ஒன்றாகிவிடும். ஒவ்வொரு பைட்டுக்கும் அதன் சிறிய எழுத்தைச் சொல்லும் 256 இடமுள்ள அட்டவணை வையுங்கள். செல்லாத எழுத்தையும் அதே அட்டவணை பிடித்துக்கொடுக்கும், கூடுதல் செலவில்லை.

டர்பனிலிருந்து மறுபடி: சில சரிபார்ப்புகளை எடுத்துவிட்டால் இன்னும் வேகம் வருமே?

தயவுசெய்து வேண்டாம். பெயருக்கும் முக்காற்புள்ளிக்கும் நடுவே இடைவெளி இருந்தாலோ, உள்ளடக்க நீளமும் 'சங்க்டு' (துண்டு துண்டாக வருகிறது என்ற) குறிப்பும் சேர்ந்தே வந்தாலோ, ப்ராக்சி ஒரு விதமாகவும் பின்னாலுள்ள சர்வர் வேறு விதமாகவும் படிக்கலாம். அந்த வேறுபாட்டைப் பயன்படுத்தித்தான் கோரிக்கைக் கடத்தல் (ஒரு கோரிக்கைக்குள் இன்னொன்றை ஒளித்து அனுப்பும் தாக்குதல்) நடக்கிறது. 2022-இல் வந்த ஆர்எஃப்சி 9112 என்ற இணையத் தர ஆவணம் முதல் வகைக் கோரிக்கைக்கு 400 (தவறான கோரிக்கை) பிழையே அனுப்பச் சொல்கிறது. ஸ்க்விட்டில் தளர்வான ஹெட்டர் பார்சிங் இயல்பாகவே இயங்கும் நிலையில் இருக்கும். சில நாள் 'எச்சரிக்கை' நிலையில் விட்டு கேஷ் லாகைப் பாருங்கள், உங்கள் பயனர் யாரும் பாதிக்கப்படவில்லை என்றால் அணைத்துவிடுங்கள்.