அம்மாவின் தோளை யாரும் பிடித்து இழுக்க வேண்டாம்

கேள்வி: என் அம்மாவுக்கு 61 வயது, பத்து வருடமாகச் சர்க்கரை. நான்கு மாதமாக இடது தோளில் வலி. இப்போது கொண்டை போட முடியவில்லை, கையைப் பின்னால் கொண்டுபோய் முந்தானையை எடுத்துச் செருகவும் வரவில்லை. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. பக்கத்து ஊரில் சுளுக்கு எடுப்பவர் ஒரே இழுப்பில் சரியாகும் என்கிறார். கூட்டிப் போகலாமா?

பதில்: தயவுசெய்து போகாதீர்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது ஃப்ரோசன் ஷோல்டர் மாதிரிதான் இருக்கிறது. தோள் மூட்டைச் சுற்றி மெல்லிய பை போல ஒரு சவ்வு உண்டு, அது அழற்சி வந்து தடித்துச் சுருங்கிவிடுகிறது, எலும்பில் கோளாறு இல்லாததால்தான் எக்ஸ்ரேயில் எதுவும் தெரியவில்லை. சுருங்கின சவ்வை வெடுக்கென்று இழுத்தால் கிழியும், இந்த வயதில் எலும்பே முறிந்தாலும் முறியும்.

வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். அம்மாவை உட்கார வைத்து, இரண்டு முழங்கைகளையும் விலாவோடு ஒட்டி மடக்கி, முன்கைகளை வெளிப்பக்கம் விரிக்கச் சொல்லுங்கள். வலது கை தாராளமாகப் போகும், இடது கை பாதியில் நிற்கும். அப்புறம் நீங்களே அந்தக் கையை மெதுவாக நகர்த்துங்கள், அப்போதும் அதே இடத்தில் நின்றால் மூட்டுதான் இறுகியிருக்கிறது. தசைநார் கிழிந்தவர்களுக்குத் தானாகத் தூக்க வராது, அடுத்தவர் தூக்கினால் பெரும்பாலும் வந்துவிடும்.

சர்க்கரை உள்ளவர்களுக்கு இது அதிகம் வருகிறது, குணமாகவும் கூடுதல் நாள் எடுக்கிறது. அதனால் ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைப் பாருங்கள், தைராய்டையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள். எலும்பு மருத்துவர் மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போடலாம் என்றால் பயப்பட வேண்டாம், வலி கடுமையாக இருக்கிற ஆரம்ப மாதங்களில் அது நன்றாகவே கேட்கும். ஆனால் போட்ட பிறகு சில நாள் சர்க்கரை ஏறும், அந்த நாட்களில் வீட்டிலேயே சோதித்துக்கொள்ளுங்கள்.

கையைத் தூளியில் கட்டிப் போடாதீர்கள். பத்து நிமிடம் வெந்நீர் ஒத்தடம் கொடுத்துவிட்டு, நல்ல கையை மேசையில் ஊன்றிக் குனிந்து, வலிக்கிற கையைத் தொங்கவிட்டுச் சின்னச் சின்ன வட்டமாக ஆட்டச் சொல்லுங்கள். பிறகு சுவரில் விரல்களால் எறும்பு ஊர்வது போல ஏற வேண்டும், எட்டின இடத்தில் பென்சிலால் ஒரு கோடு, பக்கத்தில் தேதி. ஒரு வாரம் கோடு நகரவே நகராது, அதைப் பார்த்து மனம் உடைந்து விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர், நீங்கள் கூடவே நில்லுங்கள். செய்து முடித்த வலி ராத்திரி வரைக்கும் நீடித்தால் அளவு அதிகம், மறுநாள் குறையுங்கள். ஒரு பிசியோதெரபிஸ்ட் நேரில் பார்த்துச் சொல்லிக்கொடுத்தால் ரொம்ப நல்லது.

ஒன்றிலிருந்து மூன்று வருடம் வரை ஆகலாம், ஆனால் பெரும்பாலானவர்களுக்குக் கை நன்றாகவே திரும்பி வருகிறது. பல மாதம் முயன்றும் அசையவில்லை என்றால் மட்டும் மயக்க மருந்து கொடுத்துச் செய்கிற சிகிச்சையைப் பற்றி மருத்துவரிடம் பேசலாம். தோள் வலியோடு நெஞ்சில் அழுத்தம், வியர்வை, மூச்சுத் திணறல் வந்தால் அது வேறு விஷயம், உடனே அவசர சிகிச்சைக்கு ஓடுங்கள்.

ராத்திரி அந்தப் பக்கம் படுக்காமல், கைக்கு அடியில் ஒரு தலையணை வையுங்கள். ரவிக்கை போடும்போது வலிக்கிற கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது அதைக் கடைசியில் எடுக்க வேண்டும்.