குட்டைக்குக் கல்லா, சோலாரா?

கேள்வி: எங்கள் 5 சென்ட் பண்ணைக்குட்டைத் தண்ணீர் கரும்பச்சையாகிவிட்டது. விடிகாலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன. ஆர்கோனைட் கற்களைப் போட்டால் அதன் சக்தியே நீரைச் சுத்தமாக்கும் என்கிறார்கள். அல்லது சோலார் ஏரேட்டர் (நீருக்குள் காற்றைச் செலுத்தும் கருவி) வைக்கலாமா? – வாசகர், ஆரணி

பதில்: கல்லுக்குக் காசு கொடுக்காதீர்கள். பிசினில் உலோகச் சீவலும் படிகமும் சேர்த்து வார்த்த கட்டி அது. அதற்கு அடிப்படையான ‘ஆர்கோன்’ சக்தியைச் சொன்னவர் வில்ஹெல்ம் ரைக் என்ற உளப்பகுப்பாய்வாளர். அந்தச் சக்தியைச் சேர்த்துவைக்கும் என்று அவர் சொன்ன பெட்டியை 1941-ல் ஐன்ஸ்டீனே சோதித்தார். பெட்டியில் தெரிந்த வெப்ப வித்தியாசம் அறைக்குள் காற்று சுழல்வதால் வந்தது என்பதே ஐன்ஸ்டீனின் முடிவு.

உங்கள் மீன்களுக்கு ஆக்சிஜன் போதவில்லை. பகலில் ஆக்சிஜன் தரும் பாசியே இரவில் அதை உறிஞ்சிக்கொள்கிறது. விடியும் முன்புதான் மிகவும் குறையும். லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழே போனால் ஆபத்து. ஆகவே பேட்டரி இல்லாத சோலார் ஏரேட்டர் தேவையான நேரத்தில் நின்றுவிடும். பலர் ஏமாறுவது இங்கேதான்.

60 வாட் டிசி ஏரேட்டரை நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை ஓட்ட 360 வாட்-மணி மின்சாரம் வேண்டும். லெட்-ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது என்பதால் 12 வோல்ட், 75 ஏஎச் (ஆம்பியர்-மணி) பேட்டரி வாங்குங்கள். பேனல் 200 வாட், நடுவில் பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் சார்ஜ் கன்ட்ரோலர். ஏரேட்டர் குழாயின் நுனியில் காற்றுக் குமிழி விடும் ‘காற்றுக் கல்’லைச் சேற்றில் புதைக்காமல் குட்டையின் அடித்தரையிலிருந்து ஓரடி உயரத்தில் கட்டுங்கள்.

முதல் நாளே இரவு முழுக்க ஓட்டிவிடாதீர்கள். அடியில் தேங்கிய ஆக்சிஜனற்ற, அழுகிய முட்டை நாற்றமுள்ள நீர் ஒரேயடியாகக் கலந்தால் மீன்கள் மொத்தமாகச் செத்து மிதக்கும். பகலில் அரை மணி, மறுநாள் ஒரு மணி என நாளுக்கு நாள் இரட்டிப்பாக்கி, பிறகு இரவுக்கு மாற்றுங்கள். பாசியைக் கொல்ல மயில்துத்தம் கொட்டுவதும் வேண்டாம். செத்த பாசி அழுகும்போது மிச்ச ஆக்சிஜனும் போய்விடும்.

மாட்டுக்கொட்டகைக் கழிவோ, உரம் கரைந்த வயல் நீரோ குட்டைக்குள் வந்தால் முதலில் வரப்புப் போட்டுத் திருப்பிவிடுங்கள். அது நிற்காமல் பச்சை போகாது.

கேள்வி: வண்ணப் பாட்டிலில் வெயிலேற்றிய நீர் நோய் தீர்க்குமா?

பதில்: தீர்க்காது. ஆனால் வெயில் கிருமிகளைக் கொல்லும். நிறமற்ற, கீறல் விழாத 1 அல்லது 2 லிட்டர் பெட் பாட்டிலில் தெளிந்த நீரை நிரப்பி, நல்ல வெயிலில் 6 மணி நேரம் படுக்கவையுங்கள்; பாதி வானத்துக்கு மேல் மேகமானால் 2 நாள். வண்ணம் புறஊதாக் கதிரைத் தடுத்துவிடும். ஃபுளோரைடு, உப்பு, பூச்சிமருந்து எதுவும் இதில் நீங்காது. அடைமழை நாட்களில் கொதிக்கவைத்தே குடியுங்கள்.