ஸ்வீடனில் முனைவர் பட்ட ஆய்வு: சம்பளத்தோடு இடம் பெறுவது எப்படி?

கேள்வி: எம்.எஸ்சி. வேதியியல் முடித்திருக்கிறேன். ஸ்வீடனில் உதவித்தொகையுடன் பிஎச்.டி. செய்ய விருப்பம். பேராசிரியர்கள் பலருக்கு மின்னஞ்சல் அனுப்பியும் பதில் இல்லை. எங்கே விண்ணப்பிக்க வேண்டும்?

பதில்: உதவித்தொகை தேடுவதை முதலில் நிறுத்துங்கள். ஸ்வீடனில் பிஎச்.டி. மாணவர் பெரும்பாலும் பல்கலைக்கழக ஊழியர். மாதச் சம்பளம், வரிப்பிடித்தம், விடுப்பு எல்லாம் உண்டு. கல்விக் கட்டணம் கிடையாது. வேலை என்றால் முறைப்படி அறிவிப்பு வர வேண்டும். பேராசிரியருக்கு உங்களைப் பிடித்துப்போனாலும், காலியிடம் இல்லாதபோது அவரால் ஒன்றும் செய்ய முடியாது. பதில் வராததற்கு உங்கள் மதிப்பெண்தான் காரணம் என்று மனம் சோர வேண்டாம்.

லுண்ட், உப்சாலா, சால்மர்ஸ் போன்ற பல்கலைக்கழகங்களின் இணையதளங்களில் வேலைவாய்ப்புப் பக்கத்தை வாரம் ஒருமுறை பாருங்கள். ஆய்வு வேலை அறிவிப்புகளைத் திரட்டித் தரும் ஐரோப்பிய ஆணையத்தின் யுராக்சஸ் தளமும் இலவசம். இதற்கு முகவர் எதற்கு? ஜூலையில் அந்த நாடே விடுமுறையில் இருக்கும். அப்போது பதிலுக்குக் காத்திருந்து பயனில்லை.

அறிவிப்பில் பலரும் கடைசித் தேதியைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். கட்டாயத் தகுதியைக் கடந்து வருபவர்கள் ஏராளம். அவர்களைப் பிரித்தெடுப்பது அடுத்து வரும் ‘கூடுதல் தகுதி’ப் பத்தி. பேட்டரி ஆய்வுக்கான இடம், மின்வேதியியல் அனுபவம் விரும்பத்தக்கது என்று இருக்கிறதா? எம்.எஸ்சி. ஆய்வேட்டில் நீங்கள் எந்த மின்முனையைத் தயாரித்தீர்கள், எதை அளந்தீர்கள், எங்கே சிக்கியது என்பதை விண்ணப்பக் கடிதத்தின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள். ‘சிறுவயது முதலே அறிவியலில் ஆர்வம்’ என்று தொடங்கும் கடிதத்தைத் தேர்வுக்குழு ஆயிரம் முறை படித்திருக்கும். அறிவிப்பில் தொடர்புக்கு ஒருவர் பெயர் இருக்கும். ஆய்வைப் பற்றிக் குறிப்பான சந்தேகம் இருந்தால் அவருக்கு எழுதுங்கள். பதில் வர வாய்ப்பு அதிகம். அதற்காக அந்த மின்னஞ்சலே விண்ணப்பம் ஆகிவிடாது. விண்ணப்பத்தை அறிவிப்பில் உள்ள இணைப்பின் வழியேதான் அனுப்ப வேண்டும்.

பொதுத் தகுதியாக அவர்கள் கேட்பது முதுநிலைப் பட்டம், அல்லது 240 கிரெடிட். அதில் 60 முதுநிலை அளவில். அங்கே ஓர் ஆண்டுப் படிப்புக்கு 60 கிரெடிட். மூன்றும் இரண்டுமாக ஐந்தாண்டு படித்த உங்களுக்கு இது பொதுவாகச் சிக்கலாகாது.

இன்னொன்று: அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பும் விண்ணப்பம் ஸ்வீடனில் பொது ஆவணம், யார் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம். நம் ஊர் பயோடேட்டாவில் எழுதும் தந்தை பெயர், திருமண நிலை, பாஸ்போர்ட் எண் ஆகியவற்றை எடுத்துவிடுங்கள்.

நான்காண்டு முழுநேர ஆய்வு. பாடம் நடத்தும் பணியும் சேர்ந்தால் ஐந்தாண்டு வரை நீளும். முதல் ஒப்பந்தம் ஓராண்டுக்கு மேல் தரப்படாது, பிறகு புதுப்பிப்பார்கள். அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

ஐரோப்பிய ஒன்றிய நிதியில் நடக்கும் மரீ ஸ்க்லோடோவ்ஸ்கா கியூரி முனைவர் வலையமைப்பு இடங்களையும் பாருங்கள். எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். ஆனால் பணியில் சேரும் முன்பான 36 மாதங்களில், வேலை தரும் நாட்டில் 12 மாதங்களுக்கு மேல் வசித்திருக்கக் கூடாது. முதலில் ஸ்வீடனில் இன்னொரு முதுநிலைப் படிப்பு என்று யாராவது யோசனை சொன்னால் இதை நினைவில் வையுங்கள்.

விண்ணப்பத்தில் பரிந்துரையாளராக உங்கள் நெறியாளரின் பெயரைக் கொடுக்குமுன் அவரிடம் சொல்லிவிடுங்கள். நேர்காணலை ஒட்டி அவரைத்தான் விசாரிப்பார்கள்.